நுனி கிள்ளிய பயிர்

பச்சையம்மா வயல் சேற்றில் குனிந்து, நெற்பயிரின் கருகிய நுனிகளை நகத்தால் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். எதிர் வரப்போரம் அவள் புருஷன் அர்ஜுனனும் அதையே செய்தான். இது மூன்றாம் நாள். புரட்டாசி பிறந்தும் மழை இறங்கவில்லை. பயிர் தூர் பிடிக்காமல் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டது. நீர் வற்றிய ஓரங்களில் மண் வெள்ளை பூத்திருந்தது.

"தண்ணிய வாயில வெச்சுப் பாத்தியாம்மே?"

"பாக்கணுமா? வெரல் வெடிப்பு எரியுதே, போதாதா? நீதான வெட்டுன."

ஒல்லாந்தர் கப்பலுக்குத் துணிமூட்டை கொண்டுபோகும் படகுகளுக்காக, ஆடியில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டினார்கள். நாளுக்கு ஒரு படி அரிசி கூலி. அவனும் பதினோரு நாள் வெட்டினான். அந்த வழியாகத்தான் கடல்நீர் ஏரிக்குள் ஏறி, வாய்க்கால்வரை வந்தது.

"உப்புன்னு சொல்லிட்டா இன்னாய்யா?"

"பக்கத்து வயல் ரங்கம்மா சொன்னாளே, இன்னா ஆச்சு? மறுநாளே பண்ணையில அவ வயல்ல பாத்தி கட்டி உப்பளமாக்கிட்டாங்க. நமக்கு வேற நெலம் யாரு வாரத்துக்கு வுடுவா?"

மதியம் பண்ணைக் காரியக்காரர் துளசிங்கம் குடையோடு வந்தார்.

"இன்னாடா அர்ஜுனா, பொண்டாட்டியும் நீயும் பயிருக்குப் பேன் பாக்குறீங்களா?"

"களை, சாமி."

அவர் வரப்பில் நடந்து பார்த்தார். எங்கும் பச்சை.

"கொஞ்சம் குள்ளம். மழை வந்தா எழும்பிடும். ரங்கம்மா உப்பு உப்புன்னு ஒப்பாரி வெக்கிறா. உன்னுதுல ஏறுதா?"

பச்சையம்மா மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாய்க்காலில் ஒரு கடல்மீன் துள்ளி விழுந்தது. துளசிங்கம் அர்ஜுனன் பக்கம் திரும்பினார்.

"வாயத் தொறடா."

"ஏறல, சாமி."

"அதான பாத்தேன். எசமான் கேட்டுனு வரச் சொன்னாரு. இந்தத் தபா மூட்டை ஜாஸ்தி. முகத்துவாரத்த இன்னும் ரெண்டு முழம் ஆழமாக்கணும். பயிருக்கு ஒண்ணும் ஆவலன்னு சொல்லிடுறேன். நாளைக்கு மம்பட்டியோட வந்துடு."

மறுநாள் வெயில் ஏறும்வரை அர்ஜுனன் மணலை வெட்டிக் கரையில் கொட்டினான். பிறகு கடலேற்றம் தொடங்கியது. தண்ணீர் அவன் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு, மேற்கே வயல்கள் இருக்கும் பக்கம் ஓடியது. அவன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா வேடிக்கை? தண்ணி இன்னும் வேகமா போவணும்," என்றான் மேஸ்திரி.

அர்ஜுனன் குனிந்து வெட்டினான்.