துளையிட்ட செதில்கள்

குப்பைக்காரி என்றால் அந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். காதுபடவே கூப்பிடுவார்கள்; அவளும் திரும்பிப் பார்ப்பாள். கடல் ஒதுக்கிய மூடி, உடைந்த வாளி, அறுந்த செருப்பு என்று எதையும் விடமாட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, செதில் செதிலாக வெட்டி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அடுத்தடுத்து இரண்டு துளை போட்டுக் கம்பியால் கட்டுவாள். மீனாகிவிடும்.

கடற்கரை ஓட்டல் ஒன்று வரவேற்பறையில் வைக்கப் பெரிய மீன் கேட்டதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "கடல் கக்கினது மட்டும்தான் இதுல இருக்கும். கடையில வாங்கினது ஒரு துண்டு இருந்தா என் பேரையே மாத்திக்கிறேன்" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னாள். குப்பைக்காரி என்றே கூப்பிடும் ஊரில் பேரை மாற்றினால் யாருக்கு என்ன வந்தது!

மீன் முடிந்தது. ஓட்டல் மேனேஜர் வந்து சுற்றிப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "அழகாத்தான் இருக்கும்மா. ஆனா நாறுதே! கலரும் வெளுத்துக் கிடக்கு. வர்றவங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுக்க வேணாமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற அவள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அதுக்கென்ன சார், மாத்திட்டா போச்சு!"

மறுநாளே பளபளவென்று நீல வாளிகள் வந்து இறங்கின. கடல் என்ன, குழாய்த் தண்ணீரைக்கூடப் பார்க்காத வாளிகள்.

"என்னங்க இது அநியாயம்?"

"உன் மீன் நாலு பேர் கண்ணுல படணுமா, இல்ல நம்ம கொட்டகையிலேயே தூசி தின்னணுமா? நீயே சொல்லு."

யோசித்தாள். அங்கேதான் விழுந்தாள். வைராக்கியமெல்லாம் வாயோடு சரி. நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை யாரைத்தான் விட்டது? புது வாளிகளைத் தன் கையாலேயே வெட்டினாள். புதுசு தெரியாமலிருக்க மணலைப் போட்டுத் தேய்த்தாள். பழைய செதில்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மூட்டை கட்டினாள்.

"இதைப் பத்திரமா வைங்க. இதுல நமக்குன்னு ஒரு மீன் செய்வேன். நிஜ மீன்."

அந்த நினைப்பில்தான் அவளுக்குச் சோறு இறங்கியது. "சரி, சரி" என்றார் அவர்.

திறப்பு விழா ஜோராக நடந்தது. மீனுக்குக் கீழே 'கடல் குப்பையில் பிறந்தது' என்று பித்தளைப் பலகை. எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். அவளும் சிரித்து வைத்தாள்.

மறுநாள் காலை கடற்கரைக்குப் போனாள். அலையோரம் நெடுக வெளுத்த துண்டுகள் கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்தாள். ஓரத்தில் இரண்டு துளை. அடுத்ததிலும் இரண்டு துளை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"அந்தச் செதில் மூட்டை எங்கங்க?"

"அதுவா? கொட்டகையில கால் வைக்க இடமில்லாம கிடந்துச்சு. போன வாரமே ஒரு படகுல ஏத்தி, நடுக்கடல்ல கொட்டிட்டு வந்துட்டேன். கடலோடது கடலுக்கே போச்சு, விடு."

அவள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓட்டலில் தங்கியிருந்த பெண் ஒருத்தி, முந்தின நாள் மீனோடு போட்டோ எடுத்துக்கொண்டவள், பையும் கையுமாகக் குப்பை பொறுக்கிக்கொண்டு வந்தாள். குப்பைக்காரியை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கை நிறைய செதில்களைக் காட்டினாள்.

"பாருங்க இந்தக் கொடுமைய! எந்தப் பாவி கொட்டினானோ? அந்த மீன் செஞ்ச அம்மா இதப் பாத்தா வயிறெரிஞ்சு போவாங்க."

"எரியுதும்மா" என்றாள் குப்பைக்காரி. "மூட்டை கட்டிக் குடுத்த பாவியே நான்தான்."