பெரியவர் 214-இன் முகச்சூடு

லிஃப்ட் மெக்கானிக்கின் முகம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குச் சூடேறியது. அதன் பிறகு ஆறவே இல்லை. காய்ச்சல் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார், ஆனால் கன்னத்தில் வைத்த வெப்பமானி வெடித்துவிட்டது. மூன்றாம் நாள் மூக்குக்கண்ணாடியின் பிளாஸ்டிக் சட்டம் இளகி வளைந்தது. தலையணை உறை கருகியதைப் பார்த்த மனைவி, இனிமேல் மல்லாந்து மட்டும் படுக்கும்படி சொல்லிவிட்டு உறையை மாற்றினார்.

மெக்கானிக்குக்கு வயது அறுபத்தெட்டு. ஓய்வு பெற்ற பின் வீட்டிலுள்ள கதவுக் கீல்களுக்கெல்லாம் தினமும் எண்ணெய் விட்டுக்கொண்டு திரிந்தவரை, தொல்லை தாங்காமல் மகள்தான் அந்த இணையதளத்தில் சேர்த்துவிட்டாள். முன்பின் தெரியாதவர்கள் அதில் தங்கள் மனக்குறையை எழுதுவார்கள்; அறுபது தாண்டிய தன்னார்வலர்கள் பதில் சொல்வார்கள். யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். இவர் பெரியவர் 214. ஊருக்கு உபதேசம் செய்வதில் இத்தனை ருசி இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. வேலையை விடலாமா என்று தவித்தவர்களுக்கும் மாமியாரோடு மல்லுக்கு நின்றவர்களுக்கும் இரண்டு வருடத்தில் ஆயிரத்து நூறு பதில்கள் எழுதினார். ‘தப்பை ஒத்துக்கொள்கிறவன் குட்டையாகிவிடமாட்டான்’ என்ற அவருடைய வரியை மட்டும் ஒன்பதாயிரம் பேர் விரும்பியிருந்தார்கள். மனைவி அதைப் படித்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பெண் எழுதியிருந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். அப்பா போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்கிறார். இருபத்தொன்பது வருடத்துக்கு முன் லிஃப்ட் கதவில் சிக்கி இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. கவனக்குறைவு என்று வேலையும் போனது. எல்லாம் என் தப்புதான் என்று இன்றைக்கும் சொல்கிறார். அவருக்கு நான் என்ன சொல்லட்டும்?

மெக்கானிக்குக்கு அந்தக் கையைத் தெரியும்; அவரோடு சேர்ந்து வேலை பார்த்த கூட்டாளியின் கை அது. கதவுப் பூட்டு பழுதாகியிருந்தது. சோதித்தாகிவிட்டது, சரியாக இருக்கிறது என்று சோதிக்காமலே கையெழுத்துப் போட்டவர் அவர். விசாரணையில், கூட்டாளிதான் அவசரப்பட்டுக் கையை விட்டான் என்று சொன்னவரும் அவர். எல்லாம் தெரிந்தும், அன்று நாக்குப் புரண்டது போல இன்று விரலும் புரண்டது. ‘மகளே, உன் அப்பாவைத் தன்னைத் தானே மன்னிக்கச் சொல். தவறாத மனிதன் யார்?’ என்று எழுதி அனுப்பினார். நன்றாக வந்திருக்கிறது என்றுகூட ஒரு நொடி நினைத்தார். அப்போது மணி பதினொன்றே கால்.

இணையதள நிர்வாகம் வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்பியது. இப்படி நடப்பது புதிதல்ல என்றும், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவருக்குத் தன் குரலே ஐந்து நிமிடம் தாமதமாகக் கேட்கிறது என்றும், இதற்கான செலவை ஏற்க இயலாது என்றும் அதில் இருந்தது. இதற்குள் அந்தப் பதிலை நாலாயிரம் பேர் விரும்பிவிட்டார்கள். ஒவ்வொரு விருப்பத்துக்கும் முகம் இன்னும் கொஞ்சம் காந்தியது. பத்தாம் நாள் மனைவி, “எத்தனை நாளைக்குத்தான் ஈரத்துணி போடறது? போயிட்டு வந்துடுங்க,” என்றார். எங்கே என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே இருந்தது. கூட்டாளி நாலு நிறுத்தம் தள்ளி, மாற்றுச் சாவி செய்யும் கடை வைத்திருந்தார். மகள் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். நாலு நிறுத்தம் கடக்க இருபத்தொன்பது வருடம் ஆயிற்று என்ற நினைப்பில் மெக்கானிக் வாசலிலேயே நின்றார்.

“வாங்கண்ணே,” என்றார் கூட்டாளி, நேற்றுப் பிரிந்தவரைக் கூப்பிடுவது போல. அந்த ‘அண்ணே’யில் கண்ணாடிக் கதவு ஆவி படிந்து மங்கியது.

மெக்கானிக் அந்தப் பெண்ணைப் பார்த்தே பேசினார். “உனக்குப் பதில் எழுதினது நான்தாம்மா. உங்கப்பா மேல தப்பு இல்ல. பூட்டைப் பாக்காம கையெழுத்துப் போட்டது நான். பழியை அவன் மேல போட்டதும் நான்தான்.”

அவள் அப்பாவைப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் உங்க தப்புன்னே சொன்னீங்க?”

கூட்டாளி செய்துகொண்டிருந்த சாவியை ஊதித் தூசியைத் தட்டினார். “அண்ணன்னு நம்பின ஆளே கவுத்துட்டான்னு சொல்லிருந்தா, நீ யாரையும் நம்பாம வளந்திருப்ப. அதான்.” பிறகு மெக்கானிக்கிடம், “மன்னிச்சிட்டேன்னு என் வாயில வராதுண்ணே. வந்துட்டீங்க, உக்காருங்க,” என்றார்.

மெக்கானிக் உட்கார்ந்தார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட அத்தனை கூசியிருக்காது. அன்று மாலையே 214-ஆம் எண்ணை நிர்வாகத்திடம் திருப்பிக் கொடுத்தார். அதற்கு முன், நடந்ததை நடந்தபடி அந்தப் பதிலுக்குக் கீழே எழுதினார். அதைப் பதினேழு பேர் விரும்பினார்கள். கல்யாணத்துக்கு அவரை அழைக்கவில்லை. அழைக்காததே சரி என்று மனைவியும் சொன்னார்.

முகம் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாவிக் கடைக்குப் போய் உட்காருவது வழக்கமானது; பேச்சு அதிகம் இருக்காது. குளிர்காலத்தில் கூட்டாளிக்கு, இல்லாத மூன்று விரல்களும் குடைச்சல் எடுக்கும். அப்போது அவர் வாடிக்கையாளரிடம் சாவியின் பல்லைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், இடது கையை மெக்கானிக்கின் கன்னத்துக்கு அருகில் நீட்டுவார். மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அசையாமல் இருப்பார். வாடிக்கையாளர்கள் சாவியை வாங்கிக்கொண்டு போவார்கள்.