முதல் கவளம் வரைக்கும்

வேப்பங்குளத்தில் குழந்தைகள் பிறந்த மறுநாளே பேசத் தொடங்கிவிடும். முதல் கவளம் சோறு உள்ளே போனதும் பேச்சு நின்றுவிடும். அதன்பிறகு மற்ற ஊர்க் குழந்தைகளைப் போல ‘ங்கா’விலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

தாய்மாரின் சாப்பாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான ஊர் கிடையாது. வேறு எந்த ஊரில் கேட்டாலும் ‘நல்லாத்தான் சாப்பிடறேன்’ என்று எல்லாத் தாய்மாரும் ஒரே பதிலைச் சொல்லிவிடுவார்கள். இங்கே தொட்டிலைக் கேட்டால் போதும். ஆராய்ச்சி மையம் மீனலோசனியை இங்கே அனுப்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவளுக்குப் பெரியவர்களிடம் பேச வராது.

வீடு வீடாகப் போவாள். தொங்கு தராசை உத்தரத்துக் கொக்கியில் மாட்டிக் குழந்தையை அதில் உட்காரவைப்பாள். முள் ஆடி நிற்பதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவாள்.

“பிள்ளை பெத்தவ கீரை தொடக் கூடாதாம், மாம்பழம் கூடவே கூடாதாம்” என்று தச்சர் வீட்டுக் குழந்தை அலுத்துக்கொண்டது. “மூணு வேளையும் பூண்டுக் குழம்பு. பாலே பூண்டா இருக்குக்கா.”

அதன் தாய் கூரையைப் பார்த்தாள். மீனலோசனி அடுத்து வந்தபோது அந்த வீட்டு அடுப்பில் முருங்கைக்கீரை வெந்துகொண்டிருந்தது.

செண்பகத்தின் வீட்டில்தான் காரியம் நடக்கவில்லை. அவள் கணவன் மஸ்கட்டில் இருந்தான். மகள் ஓவியாவுக்கு ஆறு மாதம் முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. இனி தாய்ப்பால் மட்டும் போதாது. போன தடவை நகராமல் நின்ற முள், இந்தத் தடவை எடை சற்றுக் குறைந்ததாகவே காட்டியது.

“அம்மா சாப்பிட்டாங்களா?”

“காலையில ஒரு டீ. தனியா உக்காந்து சாப்பிட அவளுக்குப் பிடிக்காது” என்றாள் ஓவியா. சொல்வதற்குள் மூச்சு வாங்கியது. “நான் ஏதாவது சொன்னா கேட்டுக்கிட்டே இருப்பா. சோறு ஆறிப்போயிடும்.”

“சோறு ஊட்டச் சொல்லத்தானே வந்திருக்கே?” என்றாள் செண்பகம். “ஊட்டிட்டா இவ வாயை மூடிக்குவா. அப்புறம் நான் சுவரோட பேசிக்கிட்டிருக்கணுமா?”

மீனலோசனி சுவரைப் பார்த்தாள். ஏதாவது சொல்லவேண்டிய இடம். முள் காட்டியதை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

“அந்த மனுஷன் வெள்ளிக்கிழமையானா போன் பண்ணுவாரு. ‘எல்லாம் சரியா’ம்பாரு. சரின்னுடுவேன். அதோட முடிஞ்சுது.”

“அம்மா, எனக்குப் பசிக்குது” என்றாள் ஓவியா.

“இன்னும் ஒரு வாரம்டி.”

“போன வாரமும் இதையேதான் சொன்னே. நீயும் சாப்பிடறதில்லை, நானும் சாப்பிடறதில்லை. ரெண்டு பேரும் பேசிப் பேசியே காத்துல பறந்துடப் போறோம், பாரு.”

செண்பகம் சிரித்தாள். தராசில் மகளின் கால்கள் தொங்கிய விதத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எழுந்து உள்ளே போனாள். சோறும் பருப்பும் குழையப் பிசைந்து, நெய் விட்டு, சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். மகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“கடைசியா ஏதாவது சொல்லுடி.”

ஓவியா யோசித்தாள். “எதிர்வீட்டு வாத்தியார் தினமும் சைக்கிள் துடைக்கிறாரே, அப்ப குனிஞ்சு அதுகிட்ட…”

நெய் வாசனை பொறுக்கவில்லை. அவளே வாயைத் திறந்துவிட்டாள். கவளம் உள்ளே போனது.

“ங்கா” என்றாள். அடுத்த வாய்க்குக் கிண்ணத்தைப் பிடித்து இழுத்தாள். செண்பகம் புறங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஊட்டினாள். கிண்ணம் காலியானது. ஓவியா தூங்கிப்போனாள். வீட்டில் மின்விசிறியின் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

“மன்னிப்புக் கேக்கறாரு” என்றாள் மீனலோசனி.

அவள் வாயிலிருந்து வந்த குரல் ஓவியாவுடையது. அந்த வாத்தியாரை மீனலோசனி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

செண்பகம் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். அடுக்களைக்குப் போய் ஒரு தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு வந்து எதிரே சம்மணமிட்டாள்.

“எதுக்காம்?” என்றாள், குழம்பை ஊற்றிப் பிசைந்தபடி.

“மழையில நனைய விட்டதுக்கு. சைக்கிளுக்கு இன்னும் மனசு இறங்கலை.”