வாசலில் ஒரு முட்டை

அடைக்கோழி கொத்தக் கொத்த லாமுனு கையை எடுக்கவில்லை. அதன் வயிற்றுக்கடியில் துழாவி, சூடாக ஒரு முட்டையை உருவினாள். ஊரிலேயே பொல்லாத கோழி அது. அதைக் கண்டால் நாய்கள் கோங்கோ எல்லை வரைக்கும் ஓடும். இன்று அவள் அதைத் திட்டக்கூட இல்லை.

வளவு வாசலுக்கு வெளியே, அண்ணன் லபேஜாவின் உடல் கிடந்த மூங்கில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் தோள் மாற்றி மாற்றி நின்றார்கள். ஈரல் வீங்கி விடியற்காலையில் போய்விட்டான். உள்ளே விடாமல் வாசலை அடைத்து நின்றவர் பெரியப்பா ஒக்குமு. அவர் குரலெடுத்தால் சூடானில் மாடு மிரளும்.

“முட்டையை உள்ள வச்சுட்டு வா புள்ள. செத்தவன் எங்கயாவது மிதிப்பானா?”

“மிதிக்காதவனுக்கு வளவுக்குள்ள குழி கிடையாதுன்னு நீங்கதான பெரியப்பா சொன்னீங்க?”

“நானா சொன்னேன்? நம்ம அச்சோலி சனத்தோட முறை சொல்லுது. காட்டுலேருந்து வந்தவன் வாசல்ல முட்டையை மிதிச்சு உடைச்சுட்டுத்தான் உள்ள வரணும். அங்க பட்ட ரத்தமெல்லாம் அதோட போயிரும். இவன் என்ன பண்ணான்? தாண்டிக் குதிச்சான்!”

குதித்தது உண்மை. முதல் வருஷம் அந்தக் குதி முழங்கால் உயரம் இருந்தது. அடுத்த வருஷம் தானியக் குதிர் உயரம் ஆனது. இப்போது கேட்டால், மரத்து உச்சியில் ஒரு மாங்காயைப் பறித்துக்கொண்டே இறங்கினான் என்பார்கள்.

கலகப்படை பள்ளிக்கூடத்திலிருந்து பிடித்துப்போன பையன், மீசையோடு திரும்பி வந்த நாள் அது. திமிர் என்றார்கள். வேலிக்கு வெளியே குடிசை போட்டுக் கொடுத்தார்கள். அதிலேயே குடித்துக் குடித்து முடிந்தான். அம்மா சாகிறவரைக்கும் வேலிக்கு மேலாகத்தான் அவனுக்குக் கேழ்வரகுக் களி நீட்டினாள். அவள் குழி உள்ளே இருந்தது. பக்கத்தில் இன்னொன்றுக்கு இடமும் இருந்தது.

“ஓடையோரமாத் தோண்டச் சொல்லுங்கடா,” என்றார் பெரியப்பா.

லாமுனு குனிந்து வாசல் மண்ணில் முட்டையை வைத்தாள்.

“திமிரு இல்ல பெரியப்பா. பயம்.”

“முட்டைக்கா? துப்பாக்கி தூக்கினவனுக்கா?” யாரோ சிரித்தார்கள்.

“காட்டுல, பாதையில கண்ணிவெடி இருக்கான்னு பாக்க, சின்னப் பசங்களைத்தான் முன்னால நடக்க விடுவாங்களாம். கீழ எது கிடந்தாலும் மிதிக்கக் கூடாது, தாண்டிரணும். இவனுக்கு முன்னால போனவன் மிதிச்சுட்டான். அந்தப் பையன் பேரை எங்கிட்டக்கூட சொல்லல.”

பெரியப்பா குனிந்து முட்டையைப் பார்த்தார்.

“அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன புள்ள?”

“வெளிய சொன்னா உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்னான். பயந்தாங்கொள்ளின்னு பேர் எடுக்கிறதுக்கு, திமிரு புடிச்சவன்னே இருந்துட்டுப் போறேன்னான்.”

பெரியப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. சூடானில் மாடுகள் நிம்மதியாக மேய்ந்திருக்கும். லபேஜா திரும்பி வந்த அன்று வாசலில் முட்டையை வைத்தவர் அவர்தான்.

செருப்பைக் கழற்றினார். முட்டையைச் சுற்றியிருந்த மண்ணைக் குதிகாலால் அழுத்தி அழுத்தி மிதித்தார்.

“பாத்தியாடா? மண்ணுதான். வெறும் மண்ணு,” என்றார் கட்டிலைப் பார்த்து, லாமுனுவுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

கால்மாட்டைத் தாழ்த்தினார்கள். போர்வைக்குள்ளிருந்து ஒரு காலை அவரே வெளியே எடுத்தார். பாதம் முட்டைமேல் பட்டது. உடையவில்லை. அந்தக் காலில் அவ்வளவு கனம் மிச்சமில்லை. பெரியப்பா தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினார்.

உடைந்தது.

பிறகு அவர் எழுந்து, வெறுங்காலோடு அம்மாவின் குழிப் பக்கம் முன்னால் நடந்தார். நூறு மாடு படுக்கிற முற்றம் அது. காலையில்தான் லாமுனு பெருக்கியிருந்தாள். ஆனாலும் கட்டிலுக்குப் பின்னால் வந்த ஊர் மொத்தமும், யாரும் சொல்லாமலே, ஒற்றை வரிசையில், முன்னே போனவர் கால் பட்ட இடத்திலேயே கால் வைத்து நடந்தது.