பாறைக்குப் பின்னால்

அவள் ஈரத்துணியால் கணவரின் வலது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. விடிந்ததும் கடல்மீன் தொட்டிக்குள் கையை விட்டவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டார். அந்த வீட்டில் அவர் கடைசியாகத் தொட்டது ஒரு பவளத்தை. மனைவியைத் தொட்டு நாளாகிறது.

“அண்ணி, போதும் விடுங்க. தோலே உரிஞ்சிடும் போல,” என்றான் கொழுந்தன்.

“உப்பு தம்பி. லேசுல போகாது.”

பத்து மணிக்கு ‘டிக்’ என்றது. தொட்டி விளக்கு தானாக எரிந்து கூடம் முழுக்க நீலமானது. அவர் முகமும்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் அவரை ஒரு நிமிஷமும் தொட்டியைப் பத்து நிமிஷமும் பார்த்தார்கள்.

அந்தச் சுவரோரம் முன்பு அவளுடைய தையல் மெஷின் இருந்தது. இருபத்திரண்டு வருஷம். தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். வெளியே சொல்லாததால்தான் தெருவில் அமைதி நிலவியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பித்தப்பைக் கல்லுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தாள். மெஷினைக் காணோம். அங்கே ஆறடித் தொட்டி நின்றது.

“பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன். உனக்கு ரெஸ்ட் வேணும்னு டாக்டரே சொல்லிட்டாரே,” என்றார் அவர், பெரிய மனது பண்ணி.

வாசற்படிக்குக் கீழே ஒரு செம்புக் கம்பிச் சுருள் கிடந்தது. இரும்புக்காரன் உடைத்த மெஷின் மோட்டாரிலிருந்து உதிர்ந்தது. நூல் மாதிரி மெலிசு. எடுத்துவைத்துக்கொண்டாள். அதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுத்ததும் அவரேதான்.

“தொட்டிக்குள்ள கை விடறதா இருந்தா மோதிரத்தைக் கழட்டிடு. செம்பு கலந்திருக்கும். கொஞ்சம் பட்டாலும் நத்தை, இறால், பவளம் எல்லாம் காலி.”

அவள் அவசரப்படவில்லை. தொட்டி அழகாகட்டும் என்று விட்டுவைத்தாள். பவளங்கள் பூப்பூவாய் விரிந்து, வருகிறவர் போகிறவரெல்லாம் படம் எடுத்து, அவருடைய மார்பளவு இரண்டு அங்குலம் கூடிய பிறகு, மூன்று மாதத்துக்கு முன்னால், கம்பியின் மேல்பூச்சைக் கத்தியால் சுரண்டிப் பெரிய பாறைக்குப் பின்னால் போட்டாள்.

முதலில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்தன. அப்புறம் இறால்கள். அப்புறம் பவளங்கள் சுருங்கி, ஓரம் வெளுத்து, எலும்பு தெரிந்தது. அவர் உப்பு பார்த்தார், சூடு பார்த்தார், தண்ணீர் மாற்றினார், பம்பைக் கழற்றி மாட்டினார். தினமும் சாயந்திரம் அவள்தான் டார்ச் பிடிக்க வேண்டும், அவர் சொல்லும் எண்களை நோட்டில் எழுத வேண்டும். எழுதினாள். பள்ளிக்கூடத்தில்கூட அவள் இவ்வளவு சந்தோஷமாக எழுதியதில்லை.

பதினொரு மணிக்குத் தொட்டி டாக்டர் வந்தார். வண்ணமீன் கடை வைத்திருப்பவர். மீன் வளர்க்கிறவர்கள் அவருக்கு வைத்த பட்டம் அது. தலைமாட்டில் கைகூப்பி நின்றார். கண் மட்டும் மெதுவாகத் தொட்டிப் பக்கம் நழுவியது.

“அக்கா… நத்தை ஒண்ணுகூட இல்லையே?”

“போச்சு.”

“மீன் மட்டும் ஜம்முனு நீந்துது.” தோள்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துத் தண்ணீர் மொண்டு, சில சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினார். எல்லோரும் எழுந்துவந்து எட்டிப் பார்த்தார்கள். இறந்தவருக்குக்கூட யாரும் இவ்வளவு சோதனை செய்யவில்லை. குப்பியில் நிறம் மாறியது.

“செம்புக்கா. ஏதோ உள்ள விழுந்திருக்கு. பாறைக்குப் பின்னால பாக்கறேன்.”

“நீங்க துக்கத்துக்கு வந்தவரு. நான் பாக்கறேன்.”

பழக்கதோஷத்தில் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தோள் வரை கையை விட்டுத் துழாவினாள். மணல். ஒரு நத்தை ஓடு. மறுபடியும் மணல்.

“ஒண்ணுமில்ல,” என்றாள். உண்மையாகவே இல்லை. போட்ட இடத்தில் கம்பியைக் காணோம்.

“அப்ப சாரே எடுத்திருப்பாரு. செம்பு பாக்கற மருந்து போன மாசமே என்கிட்ட வாங்கினாரே! பொருளை எடுத்துட்டாலும் பாறை குடிச்சதைக் கொஞ்சம் கொஞ்சமா கக்கிட்டே இருக்கும். உங்ககிட்ட சொல்லலையா?”

சொல்லவில்லை. செம்புக்கென்று நோட்டில் ஒரு எண்கூட எழுதச் சொன்னதில்லை. ஆனால் ஒரு மாசமாகத் தினமும் கேட்டார்: “டார்ச்சைக் கிட்ட பிடி. பாறைக்குப் பின்னால நல்லா பாரு. ஏதாவது தெரியுதா?”

“ஒண்ணும் தெரியலையே.”

“சரி, எழுதிக்கோ,” என்று அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்.

மதியம் கொழுந்தன் வந்து நின்றான். “அண்ணி, ரெண்டு மணிக்கு வண்டி வந்துடும். சட்டை மாத்திட்டோம். கழுத்துப் பட்டன் கையோட வந்துடுச்சு. ஊசி நூல் இருக்கா?”

ஊசி டப்பா அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. மெஷின் போன நாளிலிருந்து அவள் அதைத் தொடவில்லை. ஆனால் மூடியில் தூசி இல்லை.

திறந்தாள். நூல்கண்டுகளுக்கு மேலே, காலி உருளை ஒன்றில், செம்புக் கம்பி வரிசை பிசகாமல் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. கழுவித் துடைத்திருந்தார். ஒரு பொட்டு உப்பு இல்லை.

என்றைக்காவது திறப்பாள் என்று ஒரு மாசம் காத்திருந்திருக்கிறார்.

“அண்ணி, கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

கூடத்தில் தொட்டி டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “மீனுங்களையாவது நான் எடுத்துட்டுப் போகட்டாக்கா?”

“தொட்டியோட எடுத்துட்டுப் போங்க. அந்த இடம் எனக்கு வேணும்.”

கணவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். கம்பி நுனியை இரண்டு விரலால் நீவி, ஒரே தடவையில் ஊசியில் கோத்தாள்.

“நூல் ஒரு மாதிரி இருக்கே அண்ணி?”

“கெட்டியா நிக்கும்.”

நான்கு ஓட்டைக்கும் குறுக்கே எட்டுச் சுற்று ஓட்டினாள். பல்லால் கடிக்கப் போய், நிறுத்தி, முறுக்கி ஒடித்தாள். மிச்ச நுனியை உள்பக்கமாக, தொண்டையைப் பார்த்து மடக்கிவிட்டாள். அவள் கையில் உப்பு காய்ந்து தோலை இழுத்தது.

தைத்து முடித்தால் எப்போதும் செய்வது போல, பட்டனை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். நின்றது.