காதுக்குப் பின்னால் ஒரு சிக்கு

1

கால்நடை மருத்துவரின் அறைக்கு வெளியே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளை நாய். யாராவது கொஞ்ச வந்தால் அதன் காதை மட்டும் கையால் மறைத்துக்கொண்டாள். நண்பருக்குத் துணையாகப் போன எனக்கு, அவள் ஏன் மறைத்தாள் என்று தெரியாது. கேட்கவும் கூச்சம். நாய் வளர்த்த அனுபவமும் கிடையாது. ஆனாலும் கதையைத் தொடங்கிவிட்டேன். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும்.

2

'மழை ஓய்ந்த மாலையில் அவர்கள் நாய் வாங்கப்'

வேண்டாம். மழை என்றதுமே யாரோ அழப்போகிறார்கள் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அவள் அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். கணவர் பள்ளி வேன் ஓட்டுநர். நாய் வளர்த்து விற்கும் ஓர் அம்மாவின் கூடத்தில் இருவரும் நிற்கிறார்கள். ஓட்டுநருக்கு பக் நாயின் மேல் கண்.

"மூஞ்சியப் பாரு, உலகத்துக் கவலையெல்லாம் இதுக்குத்தான். சீப்பே வேணாம், தொடச்சு விட்டாப் போதும்."

"வீடு எத்தனாவது மாடி?" என்றார் நாய்க்கார அம்மா.

"மூணு. லிஃப்ட் இல்ல."

"அப்ப இது வேணாம். சப்பை மூக்கு, படி ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்கும். மூஞ்சியப் பாத்து எடுக்காதீங்க, வீட்டப் பாத்து எடுங்க."

"கல்யாணத்துக்கு முன்னாடி யாரும் எனக்கு இப்படிச் சொல்லலையே!"

மனைவி முழங்கையால் ஓர் இடி இடித்தாள். பிறகு நீள வெள்ளை முடி தொங்கும் மால்டீஸ் குட்டியைக் காட்டினாள்.

"இதுக்கு தெனமும் சீவணும்" என்றார் அந்த அம்மா. "வேர் வரைக்கும். மேலாப்புல சீவினா உள்ள கம்பளி மாதிரி இறுகிடும். தோல இழுக்கும், பாவம், வலிக்கும்."

"என் தொழிலே அதானே" என்றாள் அவள்.

(ஓட்டுநருக்குத் தெரியாததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய வலது கை கொஞ்ச நாளாக நடுங்குகிறது, கத்திரி பிடிக்கிற கை. வேறு தொழிலும் தெரியாது. நாயைச் சீவிச் சீவியே கையைப் பழக்கிவிடலாம், யாருக்கும் சொல்லாமலே சரியாகிவிடும் என்று நம்புகிறாள்.)

3

நாய் வந்தது. ஓட்டுநர் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தார். எந்த வேலையும் செய்யாமல் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருந்ததாம்.*

அவள் தினமும் சீவினாள், மேலே மட்டும். சீப்பை வேர்வரை இறக்கினால் கை தடுமாறியது, நாய் முனகியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையாக, உள்ளே இறுகியதை மேல்முடியால் மூடிவைத்தாள். மேனேஜர் பளபளவென்று திரிந்தது.

"எல்லாம் என் பொண்டாட்டி கைராசி" என்று வேன் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டார் ஓட்டுநர். அவளுக்குச் சுருக்கென்றது.

* கண்ணோரம் துடைப்பது, நகம் வெட்டுவது, பல் தேய்ப்பது பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வாசகர் நலன் கருதி அடித்துவிட்டேன். நாய் நலன் கருதி நீங்கள் செய்துவிடுங்கள்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காதுக்குப் பின்னால் அவர் சொறிந்துவிட்டபோது நாய் வீலென்று கத்தியது. விரலால் துழாவிப் பார்த்தார்.

"தெனமும் சீவுறியே, எப்படி இவ்ளோ சிக்கு? தோலே செவந்து கெடக்கு. வெட்டி விடேன்."

அவள் கத்திரியை எடுத்துவந்தாள். அந்த இடத்தில் தோல் மிக மெல்லியது. கத்திரி முனை ஆடியது. அவர் பார்த்துவிட்டார்.

முடிவு அ: கை நடுங்காமல் வெட்டிவிடுகிறாள். பொய்.

முடிவு ஆ: காது கிழிகிறது. அவள் மறைத்ததற்கு நாய் ஏன் ரத்தம் சிந்தவேண்டும்?

முடிவு இ: அவர் அவளை அணைத்துக்கொ

அவர் அப்படிப்பட்டவர் இல்லை. தனக்கு அழுகை வந்தால், டயரில் காற்று இருக்கிறதா பார்த்துவருகிறேன் என்று கீழே இறங்கிவிடுகிற ஆள்.

எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது. இவ்வளவு நேரம் நானும் வேடிக்கை பேசி மேலாகத்தான் சீவியிருக்கிறேன். போதும், அவளே பேசட்டும்.

"என் கை நிக்கலைங்க. ரொம்ப நாளாவே. பயமா இருக்கு."

கத்திரியை நீட்டினாள், தொழில் பழக்கத்தில், கைப்பிடி எதிராளி பக்கம் இருக்கும்படி.

ஓட்டுநருக்கு ஒரு பதில் எழுத எனக்கு வரவில்லை. அவள் உங்கள் வீட்டு மனுஷியாக இருந்தால் உங்களுக்கு வரும். கத்திரியை வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அவளிடம் ஏதாவது சொல்லுங்கள், பிறகு வெட்டலாம். நாய் இப்போது அசையாமல் படுத்திருக்கிறது. அதிக நேரம் அப்படி இருக்காது.