மாரக்காள் அடித்த குறை

முதல் வாரத்திலேயே என் புரோகிராமைக் கழுதை என்றார்கள். இரண்டாம் வாரம் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். தொண்ணூற்றேழில், திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் பேக்கிங் செக்‌ஷனுக்கு நான் எழுதியது. எந்தப் பெட்டியில் என்ன சைஸ் என்று அதுவே ஸ்டிக்கர் அடித்துக் கொடுக்கும். குறை இருந்தால் கம்ப்யூட்டரிலேயே அடியுங்கள் என்று அதில் ஓர் இடமும் வைத்திருந்தேன். முதலாளி அர்த்தநாரிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. இனி எவரும் குறை சொல்ல ஆபீஸ் வாசலில் வந்து நிற்கக் கூடாது என்று உத்தரவே போட்டுவிட்டார்.

முகம் தெரியாது என்றதும் ஆளாளுக்கு வாய் நீண்டது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வசவு. 'இவன ஏர்ல பூட்டோணும்' என்று ஒருவர். எனக்கு இருபத்துமூன்று வயது, காலையில் அதைப் படித்தால் மத்தியானச் சோறு இறங்காது. ஒருநாள் ஆத்திரத்தில் புரோகிராமில் நாலு வரி சேர்த்தேன். கழுதை, நாய், மூதேவி என்று எது இருந்தாலும் அந்தக் குறை என் கண்ணில் படாமலே அழிந்துவிடும். அன்றிலிருந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் ஜெர்மன்காரன் சரக்கு முழுவதையும் வேண்டாமென்றுவிட்டான். ஸ்மால் என்று ஒட்டிய பெட்டிகளில் எக்ஸ்எல் இருந்ததாம். அர்த்தநாரி, பெட்டிகளைச் சரிபார்க்கும் செக்கர் மாரக்காளைக் கூப்பிட்டார். மங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், ஒன்பது வருஷ சர்வீஸ்.

"ஏம்மா, பாத்துட்டுச் சும்மாவா இருந்தே?"

"இல்லீங்க. மூணு தடவ அடிச்சனுங்க. 'கழுதப் புரோகிராமு, எக்ஸ்எல் பெட்டிக்கு ஸ்மால் ஸ்டிக்கர் குடுக்குது'ன்னு. பதிலே வரலீங்க. தெரிஞ்சுதான் உடறீங்கன்னு நெனச்சுட்டனுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "கந்தவேலு, அப்பிடி ஏதாச்சும் வந்துதா?"

"எனக்கு ஒண்ணும் வரலீங்க" என்றேன். எழுத்துக்கு எழுத்து உண்மை. அதைவிட அயோக்கியத்தனமான பொய்யை நான் இதுவரை சொன்னதில்லை.

மாரக்காள் என்னையே பார்த்தாள். "நீங்கதானுங்க சார் அதுல அடிக்கச் சொன்னீங்க?"

அர்த்தநாரி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அன்று மத்தியானமே சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஸ்டிக்கர் தப்பைத் திருத்தினேன். அந்த நாலு வரியையும் எடுத்தேன். மறுநாள் காலையில் திறந்தால் பதினோரு குறிப்புகள். பதினொன்றும் ஒன்றே: 'புரோகிராம் நல்லாருக்குதுங்க சார்.'

எழுந்து பேக்கிங் பக்கம் போனேன். பிரிண்டரில் மை ரிப்பன் தீர்ந்து ஸ்டிக்கரெல்லாம் வெற்றுத்தாளாக வந்துகொண்டிருந்தன. எல்லோரும் அதையே ஒவ்வொன்றாக உரித்துப் பெட்டிகளில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.